ஒன்பதாம் வகுப்பின் வலைப்பூவை யார் படிப்பார்கள்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பில் 36 பேர். தேர்வுக்கான கட்டுரைகளை மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால் பேனா நகர்வதில்லை. சென்ற ஆண்டு பெங்களூருவில் உள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, உடன் பயின்ற ஓர் ஆசிரியர் தம் மாணவர்களை வலைப்பூவில் எழுதவைப்பதாகச் சொன்னார். நானும் வரும் கல்வியாண்டில் தொடங்க விரும்புகிறேன். ஆனால் பெண் பிள்ளைகளின் பெயரும் படமும் இணையத்தில் போவதைத் தலைமையாசிரியர் விரும்பவில்லை. ‘பிழையான ஆங்கிலத்தை ஊரறிய வெளியிடப் போகிறீர்களா?’ என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பல வீடுகளில் ஒரே ஒரு கைபேசிதான், அதுவும் அப்பாவின் பையில் இருக்கும். வலைப்பூவில் எழுதினால் ஆங்கிலம் உண்மையிலேயே வருமா? பிழைகளை எப்போது, எந்த அளவுக்குத் திருத்துவது? மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

ஆங்கிலம் வரும் என்றே நம்புகிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் பிள்ளைகள் எழுதப்போவதை யார் படிப்பார்கள்? அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாகவே தெளிந்துவிடும். கிடைக்காவிட்டால் வலைப்பூவும் இன்னொரு கட்டுரை நோட்டாகத்தான் முடியும்.

கட்டுரை நோட்டை எண்ணிப் பாருங்கள். ‘என் ஊர்’ என்ற தலைப்பில் ஒரு மாணவி எழுதுகிறாள். அதைப் படிக்கப்போகிறவர் அதே ஊரில் நாள்தோறும் பேருந்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கு நடந்து வருகிற ஆசிரியை. ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அவர் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை, மதிப்பெண் போடுவதற்காகப் படிக்கிறார். இது மாணவிக்கும் தெரியும். ஆகவே தான் சொல்ல விரும்புவதை எழுதாமல், பிழையில்லாமல் எதை எழுத முடியுமோ அதையே எழுதுகிறாள். நோட்ஸில் இருக்கும் வரிகளில் பிழை இராது. எனவே அவற்றை எழுதுகிறாள். அவளுடைய நிலையில் இருந்து பார்த்தால் இது மிகச் சரியான முடிவு. பேனா நகராததற்குச் சொற்கள் தெரியாமை ஒரு காரணம்தான். சொல்வதற்கு ஆள் இல்லாமை அதைவிடப் பெரிய காரணம் என்பது இத்தனை ஆண்டுகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததில் நான் கண்டது.

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதை ஒரு கிராமத்து ஆசிரியர் கண்டுகொண்டார். பிரான்சின் தெற்கே பார்-சுர்-லூப் என்ற மலைக்கிராமத்தில் 1920-களில் பணியாற்றிய செலஸ்தேன் ஃப்ரெனே, முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்தும் வலிமை அவருக்கு இல்லை. அவர் வகுப்புக்குள் ஒரு சிறிய கையச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தெருவையும் பற்றிச் சொன்னவற்றை அவர்களையே அச்சுக்கோக்கச் செய்து, நாட்டின் வடமேற்கே பிரெத்தான் கடற்கரையில் இருந்த இன்னொரு கிராமப் பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலையில் வளர்ந்த பிள்ளைகளும் கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் தெரியாதவற்றை எழுதிக்கொண்டார்கள். உங்கள் வலைப்பூ செய்ய வேண்டிய வேலை அந்தக் கையச்சு செய்த வேலைதான். அஞ்சல் செலவு மட்டும் இல்லை.

உங்கள் வகுப்புக்கு இதில் கூடுதலாக ஒரு நிபந்தனை இருக்கிறது. படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கக் கூடாது. தருமபுரியில் இருக்கும் ஒரு பள்ளியோடு சேர்ந்து நடத்தினால், ஒரு தமிழ்ப் பிள்ளை இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழும், அது நியாயமான கேள்வியும் கூட. மாறாக, வெளிநாட்டுப் பள்ளி ஒன்றைத் தேட வேண்டாம் என்றும் சொல்வேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளின் முன்னால் நம் பிள்ளைகள் கூசிப்போவார்கள். இரு பக்கமும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டிருப்பவர்களாக இருக்க வேண்டும், இரு பக்கத்துக்கும் ஆங்கிலத்தை விட்டால் வேறு வழி இருக்கக் கூடாது.

நீங்கள் பயிற்சி பெற்ற நிறுவனத்துக்குக் கேரளம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வருகிறார்கள். உங்களுடன் பயின்றவர்களுடைய வாட்ஸ்அப் குழு இன்னும் உயிரோடு இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் கேட்டுப் பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் பிள்ளைகள் பலர் உண்டு என்பதால், அந்த இரண்டு மொழிப் பகுதிகளைக் காட்டிலும் கேரளத்துப் பள்ளி ஒன்று கிடைத்தால் எனக்கு நிறைவாக இருக்கும். வயநாட்டில் யாராவது இருந்தால் மிகவும் நல்லது. ஏன் வயநாடு என்று சொல்கிறேன். அங்கே காப்பியும் மிளகும், உங்களிடம் மா. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்கள் ஊரில் மாம்பழப் பருவம் முடிந்திராது. மாங்கூழ் ஆலைகளுக்கு லாரிகள் போய்க்கொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரியில் உங்கள் தோப்புகள் பூத்து நிற்கும்போது அங்கே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஒருவர் மற்றவருக்குச் சொல்வதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அவர்கள் பார்த்திராத ஒன்றை இவர்கள் பார்த்திருப்பார்கள், இவர்களுக்குப் புரியாத ஒன்றை அவர்கள் விளக்க வேண்டியிருக்கும்.

தலைப்புகளையும் இதைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். செய்தித்தாளின் பயன்கள், நேரத்தின் அருமை, என் உயிர் நண்பன் என்பவை வேண்டாம். அவற்றை எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதலாம், எனவே யாருக்கும் அவற்றைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. ஒட்டுக்கட்டிய கன்று எத்தனை ஆண்டில் காய்க்கும், தோத்தாபுரிக்கும் செந்தூராவுக்கும் விலையில் ஏன் வேறுபாடு, மழை முந்திக்கொண்டால் மாம்பூ என்ன ஆகும், காய்க்கும் முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டால் யாருக்கு லாபம், மண்டியில் தரகு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் உங்கள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை உங்களைவிட நன்றாக அறிந்திருக்கும். தோப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். கூலிக்குக் காய் பறிக்கப் போகும் தாயின் மகளுக்குத் தோப்புக்காரர் மகனுக்குத் தெரியாத செய்திகள் தெரியும். ஓசூருக்குத் தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் போய்வரும் அக்காவைப் பற்றி எழுதும் பிள்ளையும் இருக்கட்டும்.

இப்போது மொழி எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு மாணவி ‘மை ஃபாதர் செல் மேங்கோ இன் மண்டி’ என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது புரிந்துவிடும். ‘செல்’ என்பதற்குப் பின்னால் ஓர் ‘எஸ்’ சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். வயநாட்டில் இருக்கும் பிள்ளைக்கோ மண்டி என்றால் என்னவென்று தெரியாது. அது ஒரு கடையா, சந்தையா, அங்கே விலையை யார் சொல்கிறார்கள் என்று கேட்கும். இப்போது உங்கள் மாணவி விளக்கியாக வேண்டும். ஏலம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல், விலை ஏறிக்கொண்டே போவதை எப்படிச் சொல்வது, தரகரை என்னவென்று அழைப்பது என்று அவளே உங்களிடம் வந்து கேட்பாள். நீங்கள் அன்று தரும் சொல்லை அவள் மறப்பது அரிது. தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கிடைத்த சொல் அது.

கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி பெற்ற ஆங்கில வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் இதையே ஒரு கோட்பாடாக முன்வைத்தார். அந்தப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே பாடம் கேட்டு, கேட்பதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆயினும் அவர்களுடைய பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் அந்த அளவுக்கு வளரவில்லை. புரிந்துகொள்வதற்குச் சூழலும் ஊகமும் போதும். பிறருக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்கே தெரியவருகிறது என்று அவர் சொன்னார். உங்கள் மாணவர்களுக்கும் புரிதல் ஓரளவு இருக்கிறது. சொல்ல வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இதுவரை வந்ததில்லை.

வலைப்பூவின் வடிவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வலைப்பூ நடத்த உதவும் பிளாகர் என்ற தளம் 1999-இல் வந்தது, கூகுள் அதை 2003-இல் வாங்கியது. அதே 2003-இல் ஆரன் கேம்பெல் என்ற ஆசிரியர், ஆங்கிலம் கற்பிக்க உதவும் வலைப்பூக்களை மூன்றாகப் பிரித்து எழுதினார்: ஆசிரியர் நடத்துவது, வகுப்பு முழுவதும் சேர்ந்து நடத்துவது, ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக நடத்துவது. மூன்றாவதில் நானே ஒருமுறை இறங்கினேன். பயிற்சிக்கு வந்த மாணவ ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தேன். இரண்டாம் மாதத்தில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். சோம்பல் என்று அப்போது எண்ணினேன். பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, நிறுத்தியவர்களின் பதிவுகள் எதற்கும் ஒரு பின்னூட்டம்கூட இல்லை என்பதைக் கண்டேன். நானும் எல்லாவற்றையும் படித்திருக்கவில்லை. அவர்கள் யாருமற்ற அறையில் பேசிப் பேசி ஓய்ந்திருக்கிறார்கள். எனவே நீங்கள் ஒரே ஒரு வகுப்பு வலைப்பூவை வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சேரும் பள்ளியும் அதிலேயே எழுதட்டும்.

வேலைமுறையை இப்படி அமைக்கலாம். 36 பேரை ஆறு ஆறு பேராக ஆறு குழுக்கள் ஆக்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குழு மட்டும் பதிவு எழுதும். மற்ற முப்பது பேரும் அந்த வாரம் எதிர்ப்பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த பதிவுகளைப் படித்துப் பின்னூட்டம் எழுதுவார்கள். தேர்வுகளும் விடுமுறைகளும் போகக் கல்வியாண்டில் 24 வாரங்கள் கிடைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு பதிவுகள் வரும். குறைவு என்று தோன்றலாம். வாரம் 36 வரைவுகளைப் படிக்க நேர்ந்தால் நீங்கள் ஆகஸ்டு மாதத்திலேயே களைத்துவிடுவீர்கள். ஆறு வரைவுகளை அக்கறையோடு படிக்க முடியும். ஆசிரியை களைத்துப்போனதால் நின்றுபோன நல்ல முயற்சிகளை நான் அதிகமாகவே பார்த்திருக்கிறேன்.

குழுவின் வாரம் வரும்போது முதல் நாள் பேச்சு. என்ன எழுதப்போகிறோம் என்பதைத் தமிழிலேயே சொல்லட்டும், தடை செய்யாதீர்கள். சொல்ல வேண்டியது எது என்று தெளிவாகிவிட்ட பிறகு, அதை எப்படிச் சொல்வது என்ற ஒரே சுமையோடு ஆங்கிலத்துக்கு வருவார்கள். அடுத்த நாள் கட்டுரை நோட்டிலேயே கையால் வரைவு எழுதுவார்கள், பத்துப் பன்னிரண்டு வரி போதும். அதை நீங்கள் படிப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் பிள்ளை படித்து, புரியாத இரண்டு இடங்களைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். அதற்கு விடை எழுதிச் சேர்த்த பிறகே நோட்டு உங்கள் மேசைக்கு வரும். பிறகு தட்டச்சு, பிறகு வெளியீடு.

பின்னூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் ஓர் இணைப்பாகவே கருதுகிறார்கள். என் அனுபவத்தில் பதிவைவிடப் பின்னூட்டத்தில்தான் ஆங்கிலம் அதிகம் கற்கப்படுகிறது. காரணம் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் கேள்வி கேட்பது மிக எளிது. ‘வந்தான்’ என்பதன் கடைசியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் ‘வந்தானா’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிட்’ என்ற துணைவினையை முன்னால் கொண்டுவர வேண்டும். அது வந்தவுடன் ‘கேம்’ என்பது மறுபடியும் ‘கம்’ ஆக வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்ய முடியாத பிள்ளை, தமிழின் ஆகாரத்தையே கொண்டுபோய் ‘யூ கேம் ஆ?’ என்று ஒட்டிவிடுகிறது. கல்லூரி வரை இது தொடர்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பள்ளியில் பிள்ளைகள் கேள்விக்கு விடை எழுதுகிறார்களே ஒழியக் கேள்வி எழுதுவதே இல்லை. பத்தாண்டு ஆங்கிலம் படித்த ஒரு மாணவர் தானாக எழுதிய ஆங்கிலக் கேள்விகளை எண்ணினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பின்னூட்டத்திலும் ஓர் உண்மையான கேள்வி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதியை வையுங்கள். ‘நைஸ்’, ‘சூப்பர்’ என்பவை கணக்கில் சேரா. வாரம் ஒரு கேள்வி, அதற்கு அங்கிருந்து ஒரு விடை. காப்பிச் செடிக்கு யார் கவாத்து செய்கிறார்கள், யானை தோட்டத்துக்குள் வந்ததா, வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்கத் துடிக்கும் பிள்ளைக்குத் துணைவினையைக் கற்பிப்பது, பயிற்சி ஏட்டில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பிள்ளைக்குக் கற்பிப்பதிலும் பன்மடங்கு எளிது.

பிழைத்திருத்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் பழைய வழக்கு இது. எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தம் பயன் தருவதில்லை, அதைக் கைவிட வேண்டும் என்று ஜான் ட்ரஸ்காட் 1996-இல் கடுமையாக வாதிட்டார். கவனமாகத் தேர்ந்து தெளிவாகச் செய்யப்படும் திருத்தம் உதவக்கூடும், கைவிடுவதற்கு அவசரம் வேண்டாம் என்று டானா ஃபெரிஸ் 1999-இல் மறுத்தார். நான் ஃபெரிஸின் பக்கம். ஆனால் நம் பள்ளிகளில் நடக்கும் திருத்தத்தைப் பார்க்கும்போது ட்ரஸ்காட்டின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு பக்கத்தில் இருபது இடத்தில் சிவப்பு மை விழுந்தால், பிள்ளை அந்த இருபதையும் கற்பதில்லை. தனக்கு ஆங்கிலம் வராது என்ற ஒன்றைத்தான் கற்கிறது.

ஆகவே ஒரு பருவத்துக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் இறந்தகால வினை. நடந்ததைச் சொல்லும் பதிவுகளில் அது ஒவ்வொரு வரியிலும் வரும். இரண்டாம் பருவத்தில் எழுவாய். ‘நேற்று மண்டிக்குப் போனோம்’ என்றால் போனது யார் என்பதை ‘ஓம்’ என்ற விகுதியே சொல்லிவிடுவதால், தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் ‘வி’ என்பதை விட்டுவிடுகிறார்கள். இதை அவர்களுக்குத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே விளக்கலாம். தமிழாசிரியர் பத்து நிமிடம் வந்து உதவினாலும் நல்லது. மூன்றாம் பருவத்தில் கேள்வி வாக்கியம். ‘ஏ’, ‘தி’ ஆகிய இரண்டின் மீதும் இந்த ஆண்டு கை வைக்காதீர்கள். தமிழில் ‘தி’ என்பதற்கு நிகரான ஒன்று இல்லவே இல்லை. அது கடைசியில் வரும், நிறையப் படித்த பிறகு வரும். நீங்கள் அடிக்கோடு இடுங்கள், திருத்துவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். இவற்றோடு, படிப்பவருக்குப் பொருளே மாறிப் புரியும் இடம் ஏதேனும் இருந்தால் அதை மட்டும் உட்கார்ந்து பேசிச் சரிசெய்யுங்கள். மற்றவை அப்படியே போகட்டும். இதெல்லாம் வெளியிடும் முன்பே, நோட்டிலேயே முடிந்துவிட வேண்டும். வெளியான பதிவின் கீழே ஆசிரியை வந்து பிழை சுட்டுவது கூடவே கூடாது. அந்தக் கீழ்ப்பகுதி வாசகருக்கு உரியது.

சக ஆசிரியர்கள் சொல்வதைப் புறந்தள்ள நான் விரும்பவில்லை. பிழையோடு கூடிய ஒரு பிள்ளையின் எழுத்தை ஊரில் உள்ள பெரியவர்கள் கைபேசியில் காட்டிச் சிரித்தால், அந்தப் பிள்ளை அதன்பின் எழுதாது. தலைமையாசிரியரின் அச்சமும் இந்த அச்சமும் ஒரே வழியில் தீரும். வலைப்பூவை ஊருக்குத் திறந்து வைக்காதீர்கள். பிளாகரின் அமைப்புகளில், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கும் வசதி இருக்கிறது. உங்களையும் அந்தப் பள்ளி ஆசிரியரையும் இரண்டு தலைமையாசிரியர்களையும் மட்டும் அழையுங்கள். அழைக்கப்பட்டவர்கள் கூகுள் கணக்கில் நுழைந்தே படிக்க முடியும் என்பதால், வகுப்பில் உங்கள் கணக்கில் திறந்து திரையில் காட்டுங்கள், அல்லது அச்செடுத்துக் கொடுங்கள். பிள்ளைகள் யாருக்கும் தனிக் கணக்கு தேவைப்படாது. வாசகர் எண்ணிக்கை குறைந்துவிடுமே என்று வருந்த வேண்டாம். ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுவது, தான் எழுதியதைப் படித்துவிட்டுத் திரும்பக் கேள்வி கேட்கும் முப்பது நாற்பது பேர்.

இவ்வளவு செய்த பிறகும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். முழுப்பெயருக்குப் பதிலாகப் பிள்ளைகள் தாங்களே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். அதில் அவர்களுக்கு மகிழ்ச்சியும் இருக்கும். முகம் தெரியும் படங்கள் வேண்டாம். கைகள், கூடைகள், மரம், கோலம், கருவிகள் ஆகியவற்றின் படங்கள் போதும். வீடு இருக்கும் தெரு, பள்ளிக்கு வரும் வழி, தனியாக இருக்கும் நேரம் ஆகியவை எந்தப் பதிவிலும் வரலாகாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் உங்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்ற ஆராய்ச்சிக்குள் போகாமல், ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளையும் எழுதட்டும்; அந்தப் பதிவு வகுப்புச் சுவரில் ஒட்டப்படட்டும். யாரையும் விலக்கி வைக்க வேண்டியதில்லை.

கைபேசி பற்றி: வீட்டில் செய்ய வேண்டிய எதையும் இந்தத் திட்டத்தில் வைக்காதீர்கள். ஒரே கைபேசி உள்ள வீட்டில் அது முதலில் தந்தையிடமும், பிறகு மகனிடமும் போகும். மகளுக்கு அநேகமாக வராது. வீட்டு வேலையாகக் கொடுத்தால், எழுத ஆர்வமுள்ள பெண் பிள்ளைகளே முதலில் பின்தங்குவார்கள். உங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வாரம் ஒரு பாடவேளை கேளுங்கள். அந்த வாரக் குழுவினர் ஆறு பேர் தட்டச்சு செய்வதற்கு அது போதும். அவர்கள் ஆவணமாகத் தட்டச்சு செய்து வைக்கட்டும், வலைப்பூவில் ஏற்றும் வேலையை நீங்கள் செய்யுங்கள்; கடவுச்சொல் உங்களைத் தாண்டிப் போகக் கூடாது.

மொழிபெயர்ப்புச் செயலி பற்றிய உங்கள் கவலைக்கு விடை, மேலே சொன்னவற்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது. வரைவு வகுப்பிலேயே கையால் எழுதப்படுகிறது, மதிப்பெண் இல்லை, தலைப்பு பிள்ளையின் சொந்த வாழ்விலிருந்து வருகிறது. திருடுவதற்கான தேவையை இவை மூன்றும் குறைத்துவிடும். அப்படியும் ஒருநாள் ஒரு பிள்ளையிடமிருந்து வழவழப்பான ஆங்கிலம் வந்தால் குற்றம் சாட்டாதீர்கள். ‘இதை எனக்கு வாயால் சொல்லிக் காட்டு’ என்று மட்டும் கேளுங்கள். சொல்ல முடிந்தால் அது அந்தப் பிள்ளையுடையது ஆகிவிட்டது. முடியாவிட்டால், சொல்ல முடிந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பிள்ளையே எடுத்துவிடும். ஒரு சொல் தெரியாமல் அகராதியிலோ செயலியிலோ தேடுவதை நான் தடுக்க மாட்டேன். முழு வாக்கியத்தைப் போட்டு எடுப்பதைத் தடுப்பேன். வாக்கியத்தைக் கட்டுவதற்குப் படும் பாடுதான் இந்த வகுப்பின் பாடம்.

தேர்வு மதிப்பெண் கூடும் என்று தலைமையாசிரியரிடம் உறுதி கொடுத்துவிடாதீர்கள். மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் கிடைக்கும் பகுதிகள் தேர்வில் இருக்கும் வரை, இந்தப் பயிற்சியின் பலன் அங்கே உடனே தெரியாது. அவரிடம் காட்டுவதற்கு வேறொன்று வைத்திருங்கள். ஜூன் மாதத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக எழுதியதைத் தேதியிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் அதேபோல் இன்னொரு பத்து நிமிடம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை வரி, எத்தனை வினை சரியாக வந்திருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தத் தாள்கள் எதைக் காட்டுகின்றனவோ அதை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது ஏப்ரல் மாதம். விடுமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிர்ப்பக்கத்து ஆசிரியரைக் கண்டுபிடிப்பது. அவரோடு தொலைபேசியில் இருமுறையாவது பேசுங்கள். அவருடைய வகுப்பில் எத்தனை பேர், அவர்களுடைய தேர்வுகள் எந்தெந்த வாரத்தில் வருகின்றன, அவரால் வாரந்தோறும் ஒரு பாடவேளை ஒதுக்க முடியுமா என்பதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முடிவதற்குள் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், வலைப்பூவைத் தொடங்காமல் இன்னும் ஓரிரு மாதம் காத்திருங்கள். அதுவரை பிள்ளைகள் வரைவுகளை நோட்டில் எழுதிச் சேர்த்து வரட்டும். கிடைத்துவிட்டால், முதல் வாரத்துக்கு உங்கள் தரப்பிலிருந்து மாங்கூழ் ஆலைக்கு முன்னால் லாரிகள் வரிசையில் காத்து நிற்பதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிவுக்கு அங்கிருந்து வரும் முதல் கேள்வி என்ன என்பதை எனக்கும் எழுதுங்கள்.